சூடு தெரிகிற கை

"சூடா, குளிரா?"

"தெரியல தாயி."

"கண்ணைத் திறக்காதீங்க. இப்ப?"

"ஏதோ தொட்ட மாதிரி இருக்கு. சூடா குளிரான்னு சொல்லத் தெரியல."

வேலுத்தாய் கண்ணாடிக் குழாயைக் கண்ணுச்சாமியின் உள்ளங்கையிலிருந்து எடுத்தாள். வெந்நீர் நிரப்பிய குழாய். தன் முழங்கையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். சுருக்கென்றது. பிறகு குளிர்ந்த தண்ணீர்க் குழாயை எடுத்து அவன் சுண்டுவிரலில் வைத்தாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, பரீட்சையில் உட்கார்ந்தவன் மாதிரி யோசித்தான். கடைசியில் "சூடு" என்றான்.

"பரவாயில்லை. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காதும்மா. மத்தவங்களுக்கு அரை மணி நேரம்னா இவருக்கு ஒரு மணி நேரம் எடுக்குறீங்க. எந்தச் சென்மத்துக் கடனோ."

"ஆமா" என்றாள் வேலுத்தாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. மூளைக்காய்ச்சல் பொட்டிபுரத்துப் பக்கமிருந்து வந்தது என்று போடியில் சொன்னார்கள். போடியிலிருந்துதான் வந்தது என்று பொட்டிபுரத்தில் சொன்னார்கள். எங்கிருந்து வந்தாலும் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். வராந்தாவிலும் பாய் விரித்தாயிற்று. பிழைக்க வைப்பது டாக்டர்கள் வேலை. பாதிப் பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை வாய்க்குப் போகவில்லை. பேச்சு குழறியது. கரண்டியைக் கொடுத்தால் அது எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மறுபடி சாப்பிட, பொத்தான் போட, தண்ணீர் மொண்டு குளிக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்புவது வேலுத்தாயின் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று அவள் அறைக் கதவில் எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அதில் வாய்க்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு தெரப்பியம்மா என்றார்கள்.

ஊசி போடாதவள், மாத்திரை தராதவள் என்பதால் தொடக்கத்தில் அவளை யாரும் பொருட்படுத்தவில்லை. காய்ச்சல் பரவிய பிறகு நிலைமை மாறியது. ஒவ்வொரு கட்டிலுக்கும் வெளியே ஆள் காத்துக்கிடந்தது. பெரிய டாக்டர் காலையில் வார்டுக்கு வந்ததும் முதலில் அவளிடம்தான் கேட்பார்: "இன்னைக்கு யாரை அனுப்பலாம்?" அவள் யாரைக் கைகாட்டினாளோ அவர் போவார். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் கை வரும் என்று அவள் சொன்னவர் இருப்பார். கரண்டிக் காம்புகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, பிடி தடிமனாக்கி வைத்திருந்தாள். பலகையில் சட்டைப் பொத்தான்கள், தாழ்ப்பாள், செருப்பு வார். ஒரு சட்டி நிறையப் புளியங்கொட்டை. ஸ்டவ்வில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகு டப்பா. இளகிய மெழுகில் கையை முக்கி எடுத்தால் விறைத்த விரல்கள் இளகும். சூடு சரியா என்று ஒவ்வொரு தடவையும் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தொடுவாள்.

கண்ணுச்சாமியை ஜீப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த அன்று அவள் வராந்தாவில்தான் நின்றாள். அவனைப் போடியில் எல்லோருக்கும் தெரியும். மலை மேட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஏலத்தோட்டம், ஊருக்குள் மச்சு வீடு. அதெல்லாம் பின்னால் வந்தது. முன்பு அவன் வேறொருவரின் எஸ்டேட்டில் ஸ்டோர் மேஸ்திரி.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றி ஓடும். குழாய்க்கு மேலே தட்டு தட்டாகக் காய் பரப்பியிருக்கும். உலர்ந்த காயைப் பொறுக்கித் தரம் பிரிப்பது பெண்கள். சாயங்காலம் அவர்கள் வரிசையாக வந்து மேஸ்திரி முன்னால் மடியை உதறிக் காட்ட வேண்டும். பிறகு கையை விரிக்க வேண்டும். அவன் குனிந்து உள்ளங்கையை மோந்து பார்ப்பான். பகல் முழுக்க ஏலக்காய் பொறுக்கிய கையில் ஏலக்காய் வாசம் வராமல் வேறென்ன வரும்? அவன் யாரைத் திருடி என்கிறானோ அவள் திருடி.

வேலுத்தாயின் ஆத்தா ஆயம்மாள் ஒரு பிடி காயை மடியில் எடுத்தது உண்மைதான். அதை அவள் யாரிடமும் மறுத்ததில்லை. "எடுத்தேன். வேலையை விட்டு நிப்பாட்டியிருக்கலாம்ல? போலீசுல பிடிச்சுக் குடுத்திருக்கலாம்ல?" என்பாள். அவன் அவளுடைய வலது கையை விரித்துக் கொதிக்கிற குழாயில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். மகள் வேலுத்தாய் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கிய ஆத்தாளையும் வாழை இலை சுற்றிய கையையும்தான்.

புண் ஆறியபோது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆயம்மாள் இடது கையால் சாப்பிட்டாள். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காருவதில்லை. யாராவது கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பாள்.

வேலுத்தாய் உதவிச் சம்பளத்தில் மதராசுக்குப் போய்ப் படித்தாள். அங்கே கருகிய கைகளின் படங்களைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். புண் ஆறும்போதே விரல்களை விரித்து ஒரு மூங்கில் பத்தையில் கட்டியிருந்தால் போதும், ஆத்தாளின் கை இப்படி மூடியிருக்காது. அதைத் தெரிந்துகொண்ட அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு கோபப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கண்ணுச்சாமி வந்து சேர்ந்ததை அன்றைக்கே வீட்டில் சொன்னாள். ஆயம்மாள் இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாகலையா?"

"சாகல. பிழைச்சிருவான்னு டாக்டரு சொல்றாரு."

"கையி?"

"வலது கை வெளங்கல. உணர்ச்சியும் இல்ல. மரக்கட்டை."

"அப்ப விடு. அப்படியே காஞ்சு கெடக்கட்டும். நீ தொடாத."

"தொடணும் ஆத்தா."

"எதுக்கு? சம்பளம் குடுக்குறாங்கன்னா?"

"இப்ப அந்தக் கையில நெருப்பை வச்சாலும் அவனுக்குத் தெரியாது. கட்டைக்குச் சூடு வச்ச மாதிரி. எதுக்கு வைக்கிறாகன்னும் புரியாது, பாதி நெனப்பு அழிஞ்சு போச்சு. பொண்டாட்டியையே அவன் ஆத்தான்னு நெனச்சுக் கூப்புடுறான். மொதல்ல எல்லாம் தெரியட்டும்."

ஆயம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "அடியாத்தாடி" என்றாள். "நீ எம் வயித்துல பெறந்தவதான்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "வெரசா செய்யி. எனக்கும் வயசாகுது."

அப்படித்தான் தொடங்கியது. வேலுத்தாய் அந்தக் கைக்கு உழைத்த மாதிரி வேறு எந்தக் கைக்கும் உழைத்ததில்லை. மணிக்கட்டை வளைத்துக் கட்டைவிரலை வெளியே எடுத்தால் மற்ற விரல்கள் தாமாக இளகும். அதை நாளெல்லாம் செய்தாள். சாக்குத்துணி, பஞ்சு, உமி, கூழாங்கல் என்று உள்ளங்கையில் தேய்த்தாள். இரவில் விரல்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். கட்டும்போது ஒவ்வொரு நாளும் ஆத்தாளின் கை கண்ணில் வந்தது. இன்னும் கவனமாகக் கட்டினாள்.

"மேட்டுக்காரருக்கு மட்டும் தனிக் கவனிப்பு" என்று பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஜீப் டிரைவர் பால்பாண்டி கேலி செய்தான். "நாங்களும் பேசாம ஏலத்தோட்டம் வாங்கியிருக்கணும்."

"உனக்குக் கை வந்துருச்சுல்ல, வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ" என்றாள் வேலுத்தாய். வார்டே சிரித்தது.

நினைவைக் கொண்டுவருவதுதான் சிரமமாக இருந்தது. புளியங்கொட்டை உதவவில்லை. ஜக்கம்மாளிடம் சொல்லி அவர்கள் தோட்டத்திலிருந்து ஏலக்காய் கொண்டுவரச் செய்தாள். முறத்தில் பரப்பி அவன் முன்னால் வைத்தாள். பெரிய காயை ஒரு பக்கம், சின்னக் காயை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். முதல் நாள் முறத்தையே தட்டிவிட்டான். அடுத்தடுத்த நாட்களில் இடது கை வலது கையைத் தூக்கி வைத்தது. ஒரு காலையில் இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு காய் சிக்கியது. அதை மூக்கருகே கொண்டுபோனான். முகம் சுளித்தது.

"இது சரியா காயல" என்றான். "குழாய்ச் சூடு பத்தல."

வேலுத்தாயின் கை நின்றது. "எந்தக் குழாய்?" என்றாள்.

"ஸ்டோர்க் குழாய். வெறகு ஈரமா இருந்தா இப்படித்தான்."

ஜக்கம்மாள் கோயிலுக்குத் தேங்காய் உடைக்க ஓடினாள். வேலுத்தாய் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டோர் எப்படி இருக்கும், கதவு எந்தப் பக்கம், அடுப்பு யார் பார்த்தது, பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நினைவைப் பழக்கும் முறை அதுதான். பெரிய டாக்டரே நின்று கேட்டுவிட்டு, "வெரி குட்" என்று சொல்லிப் போனார். தினம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எஸ்டேட் முதலாளியின் நாய் வந்தது, மழையில் சரிந்த பாலம் வந்தது, நடுவில் அழிந்திருந்த வருஷங்கள் மெல்ல நிரம்பின.

ஒருநாள் முறத்தில் விரல் நடமாடிக்கொண்டிருக்கும்போது அவனாகவே சொன்னான்.

"சாயங்காலம் பொம்பளைக கையை மோந்து பாப்பேன்."

"மோந்து பாத்தா தெரிஞ்சிருமா?"

"என்னத்தத் தெரியும்? சும்மாதான். ஒரு பயம் இருக்கணும்ல."

"பயப்படாதவங்க?"

"அவளுகளுக்குத்தான் குழாய் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் இன்னும் சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சிரித்தார். வேலுத்தாய் முறத்திலிருந்த காய்களை மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டு, "இன்னொரு தடவை பிரிங்க" என்றாள்.

சூடு கடைசியாகத்தான் வந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடச் சொல்லி வெந்நீர்க் குழாயை வைத்தாள். கேள்வி கேட்பதற்கு முன்பே கையை உதறி இழுத்துக்கொண்டான். "சுடுது தாயி!" என்று கத்தினான். ஜக்கம்மாள் வேலுத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேலுத்தாய்க்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போய், "நாளைக்கு மத்தியானம் வா ஆத்தா" என்றாள்.

மத்தியானம் டாக்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேலுத்தாய் தன் அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு மெழுகு டப்பாவை நேரே தீயில் ஏற்றினாள். முழங்கையை வைத்துப் பார்க்கவில்லை. கேட்டால், சூடு ஏறிப்போச்சு கவனிக்கலை என்று சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சல் காலத்தில், ஒற்றை ஆளாக இத்தனை பேரைப் பார்க்கிறவளை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

ஜக்கம்மாள் கணவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிர் நாற்காலியில் ஆயம்மாள் இருந்தாள்.

"இவங்க கையையும் பாக்கணும்" என்றாள் வேலுத்தாய். ஆத்தாளின் வலது கையை எடுத்து மேசைமேல், அவன் கைக்கு நேராக வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். முதலில் வெறுமனே பார்த்தான். பிறகு அவன் கண் அந்தக் கையிலிருந்து மெல்ல ஆயம்மாளின் முகத்துக்கு ஏறியது.

"இது... ஸ்டோர்ல..." என்றான்.

"ஆமா" என்றாள் ஆயம்மாள். "யாருன்னு தெரியுதா?"

"தெரியுது."

"சொல்லு பாப்பம்."

"மொக்கம்மா. நீ மொக்கம்மாதானே?"

ஸ்டவ்வில் மெழுகு பொரிந்தது. ஆயம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"மொக்கம்மாளுக்குமா வச்ச? கஞ்சி கொட்டிருச்சுன்னுல்ல எங்கிட்டச் சொன்னா. சாகுற வரைக்கும் அப்படித்தானே சொன்னா."

"அப்ப நீ... முனியாயியா?"

"என்ன பேச்சு இதெல்லாம்?" என்றாள் ஜக்கம்மாள்.

"நான் ஆயம்மா" என்றாள். "கூப்பாடு போடாம நின்னவ. ஞாபகம் இல்ல? சரி விடு. கையை விரி."

அவன் வேலுத்தாயைப் பார்த்தான். இத்தனை நாளாக அந்தச் சொல்லுக்கு அவள் குரலில்தான் பழகியிருந்தான். அவள் அசையாமல் நின்றாள்.

"அவளை ஏன் பாக்குற? நான் சொல்றேன். விரி. மோந்து பாக்கணும்."

ஆயம்மாள் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவனுக்கு வேர்த்தது. விரல்கள் விரிவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக உள்ளே மடிந்தன. கட்டைவிரல் அவற்றுக்குள் போய்ப் புதைந்தது. மணிக்கட்டு வளைந்து, முழங்கை மடங்கி, கை மார்போடு ஒட்டிக்கொண்டது. பயம் வந்தால் அப்படி ஆகும். வேலுத்தாய்க்கு அது தெரியும். ஆயம்மாள் எழுந்து மேசைமேல் குனிந்து அந்த மூடிய முட்டியை மோந்து பார்த்தாள்.

"ஏலக்காய் வாசம் வருது" என்றாள். "திருட்டுக் கை." பிறகு புடவையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். வாய் கோணி "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. டப்பாவிலிருந்து புகை எழுந்தது.

வேலுத்தாய் முன்னால் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வளைத்தாள். கட்டைவிரலைத் தேடி வெளியே எடுத்தாள். நடுவிரல் கொஞ்சம் இளகியது. இன்னும் சற்று நேரம் பிடித்திருந்தால் உள்ளங்கை விரிந்துவிடும். விரிந்தால் முக்கலாம். முக்க வேண்டுமானால் அந்தக் கையை இன்னொரு தடவை அவளே நல்லதாக்க வேண்டும். இவனுக்குச் செய்ததெல்லாம் போதும் என்று திடீரென்று தோன்றியது. கையை விட்டாள். விரல்கள் பழையபடி மூடிக்கொண்டன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டவ்வை அணைத்தாள்.

"இப்ப விரிச்சிருவீங்களாம்மா?" என்றாள் ஜக்கம்மாள்.

"இல்ல. இவ்வளவுதான் வரும்."

"நேத்து நல்லா விரிச்சாரே!"

"சிலருக்கு வந்துட்டுப் போயிரும். மறுபடி மூடிக்கிட்டாத் திறக்காது."

நல்ல செய்தி சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவள் சொல்வது தப்பு என்று சொல்லத் தெரிந்த ஆள் மதுரைக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் கண்ணுச்சாமிக்குத் தெரிந்தது. அவள் தொட்டதும் நடுவிரல் இளகியதை அவன் உணர்ந்திருந்தான். அவள் வேண்டுமென்றே விட்டதையும் உணர்ந்திருந்தான். அவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்றுதானே அவள் உழைத்தாள். அவன் ஜக்கம்மாளின் முந்தானையை இடது கையால் இழுத்து இழுத்து "ஆ... ஆ..." என்றான்.

ஜக்கம்மாள் அவனையும் கதவையும் பார்த்தாள். "அந்தம்மா யாரு?"

"எங்க ஆத்தா."

அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஜக்கம்மாள் தரையில் விழுந்து வேலுத்தாயின் காலைப் பிடித்தாள். "தாயி, நான் என்ன பாவம் செஞ்சேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி."

வேலுத்தாய் காலை இழுத்துக்கொண்டாள். "பெரிய டாக்டர்கிட்டக் கேளுங்க" என்றாள்.

ஆயம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளாசில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. வேலுத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னைய மொக்கம்மான்னுட்டான்" என்றாள் ஆயம்மாள். "இம்புட்டு வருசமா நான் அவனையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவனுக்கு எம் பேரு தெரியல."

"விடு ஆத்தா."

"அவளும் எங்கிட்டச் சொல்லாமயே செத்துட்டா பாரு. ஒரே பாயிலதான் படுத்திருப்போம்." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "வச்சியா?"

"இல்ல. விட்டுட்டேன். இனி அது விரியாது. மூடியேதான் கெடக்கும்."

ஆயம்மாள் யோசித்தாள். "எதுல சாப்பிடுவான்?"

"இடது கையில."

"ம்" என்றாள் ஆயம்மாள். மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலுத்தாய் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். பெரிய டாக்டர் யாரை அனுப்பலாம் என்று கேட்டார். கண்ணுச்சாமியை அனுப்பலாம், இதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது என்றாள். ஜக்கம்மாள் டாக்டரிடம் அழுது ஏதோ சொன்னாள். டாக்டர் மூடியிருந்த விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. தெரபிஸ்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பதினொரு மணி வாக்கில் ஜீப் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. கட்டிலில் புது விரிப்புப் போட்டு, வராந்தாவில் காத்திருந்த பொட்டிபுரத்துப் பெண் ஒருத்தியைப் படுக்கவைத்தார்கள். அவளுக்கு இரண்டு கையும் வரவில்லை. வேலுத்தாய் டியூப் சுற்றிய கரண்டியை அவள் கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு தடவை கீழே விழுந்தது. மத்தியானம் டப்பாவில் கருகி ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வேறு மெழுகு இல்லை. மதுரையிலிருந்து வரச் செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்கள்.